கசிந்த கேஸின் கணக்கு

பழுதாகி வரும் பழைய ஃப்ரிட்ஜில் முதல் வேலை, உள்ளே மிச்சமிருக்கும் கேஸை வெளியேற்றுவது. கம்ப்ரஸரின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சார்ஜிங் குழாயை வெட்டினால் போதும். ‘ஸ்ஸ்’ என்று சீறிக்கொண்டு போய்விடும். வாடை கிடையாது, நிறம் கிடையாது. கண் எரியாது, தீப்பிடிக்காது. 1986-ல் சிதம்பரம் மேல வீதியில் ஒரு கடையில் கையாளாகச் சேர்ந்தேன். மேஸ்திரி எனக்குச் சொன்ன முதல் பாடமே, ‘இந்த கேஸுக்குப் பயப்படாதே’ என்பதுதான்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதற்கு முந்தைய தலைமுறைக் குளிர்பெட்டிகளில் அம்மோனியாவும் சல்ஃபர் டை ஆக்ஸைடும் ஓடின. கசிந்தால் வீட்டில் இருப்பவர் உயிருக்கே ஆபத்து. அவற்றுக்கு மாற்றாகத்தான் ஆர்-12 வந்தது. ஒரு கார்பன், இரண்டு குளோரின், இரண்டு ஃப்ளூரின் அணுக்கள் சேர்ந்த குளோரோஃப்ளூரோகார்பன், சுருக்கமாக சி.எஃப்.சி. அதை உருவாக்கிய தாமஸ் மிட்ஜ்லி 1930-ல் வேதியியலாளர்கள் கூடியிருந்த சபையில் அந்த வாயுவை மூச்சில் இழுத்து, வெளியே ஊதி, எரிந்த மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். நஞ்சும் இல்லை, எரியவும் எரியாது என்று ஒரே மூச்சில் நிரூபித்துவிட்டார்.

அதனால் நாங்கள் அந்த கேஸைத் தண்ணீர்போலச் செலவழித்தோம். குழாய்க்குள் தூசி இருந்தால் கேஸ் அடித்துக் கழுவுவோம். லீக் எங்கே என்று தேடவும் அதே கேஸ்தான். சோப்பு நுரையில் அகப்படாத கசிவுக்கு ஹேலைடு டார்ச் என்று ஒரு விளக்கு இருந்தது. செம்புத் தகட்டைச் சூடாக்கும் சின்னச் சுடர், அதன் ரப்பர் குழாயின் நுனியைக் குளிர்ப்பெட்டிக் குழாய்களின் மூட்டு மூட்டாகக் கொண்டுபோவோம். கேஸ் பட்ட இடத்தில் நீலச் சுடர் பச்சையாக மாறும். அந்தப் பச்சையைப் பார்த்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு நிச்சயம் என்று அர்த்தம். கடை மூலையில் நின்ற வெள்ளைச் சிலிண்டர்கள் எத்தனை காலியாகின என்று எண்ணிவைக்கவில்லை.

1996-ல் ஒரு நாள் அண்ணாமலை நகரில் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர் வீட்டுக்கு வேலைக்குப் போனேன். சமையலறை வாசலில் ஃப்ரிட்ஜை இழுத்துப்போட்டுக் குழாயை வெட்டப் போனபோது அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“என்ன கேஸ் தம்பி இது?”

“ஆர்-12 சார். ஈரம் ஏறிப்போச்சு. இதை விட்டுட்டுப் புதுசு ஏத்தணும்.”

“எங்க விடுவீங்க?”

“வெளியிலதான் சார். ஒண்ணும் பண்ணாது.”

“ஒண்ணும் பண்ணாதுன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. மேல போய் அது என்ன பண்ணுதுன்னு கணக்குப் போட்டவர் இந்த யுனிவர்சிட்டியில படிச்சவர் தம்பி. படிச்சு முடிச்சதும் அவரும் உங்க தொழிலுக்குத்தான் போனார்.”

அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு அவர் சொன்னதைக் கேட்டேன். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேலாக, கிடைத்த இடத்திலெல்லாம் அந்தக் கணக்கைப் போட்ட வீரபத்ரன் ராமநாதனைப் பற்றித் தேடிப் படித்துவருகிறேன். இங்கே எழுதுவது அப்படிச் சேர்த்தது. பேராசிரியரிடமும் அவருக்குப் பிறகு வேறு ஆசிரியர்களிடமும் புரியாததைக் கேட்டுக் கேட்டுத் தெளிந்தது.

ராமநாதன் 1944-ல் பிறந்தவர். பதினோரு வயதுவரை தமிழில் படித்தார். குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பள்ளியில் எல்லாம் ஆங்கிலம். வகுப்பில் நடத்துவது புரியவில்லை. ஆசிரியர் சொல்வதைக் கேட்கும் பழக்கமே தனக்கு விட்டுப்போய்விட்டது, எதையும் தானாகவே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். தமிழ் வழியில் எட்டாவதுவரை படித்துவிட்டு ஆங்கிலக் கையேட்டின் படங்களை வைத்துத் தொழில் கற்றவன் நான். அந்தப் பதினோரு வயதுப் பையனின் திண்டாட்டம் எனக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1965-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றார். வேலை கிடைத்தது செகந்திராபாத்தில், குளிர்பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில். அங்கே அவருக்குக் கொடுத்த பொறுப்பு, பெட்டியிலிருந்து சி.எஃப்.சி. கேஸ் ஏன் கசிகிறது, எப்படித் தடுப்பது என்று பார்ப்பது. லீக் தேடும் வேலை! நான் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த அதே வேலை. அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்தார். அங்கே ஒளியைக் கொண்டு நுட்பமாக அளக்கும் கருவி ஒன்றைத் தன் கையால் கட்டி முடித்தார். 1970-ல் அமெரிக்கா, ஸ்டோனி புரூக்கில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம். பொறியியல் ஆராய்ச்சி என்றுதான் போனார். ஆனால் அவருடைய வழிகாட்டி ராபர்ட் செஸ் அந்தச் சமயம் பொறியியலை விட்டுவிட்டுக் கோள்களின் வளிமண்டலத்தை ஆராயத் தொடங்கியிருந்தார். மாணவரும் வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் போக வேண்டியதாயிற்று. அந்தக் கோள்களின் காற்று வெப்பத்தை எப்படிப் பிடித்துவைக்கிறது என்பதுதான் ஆய்வு.

1974-ல் மாரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சி.எஃப்.சி. வாயு கீழே அழிவதே இல்லை, மெல்ல மெல்ல உயரே போய்ச் சூரியனின் புற ஊதாக் கதிரில் உடைகிறது, உடையும்போது வெளிப்படும் குளோரின் ஓசோனைத் தின்கிறது என்றார்கள். உலகம் முழுவதும் அதைப் பற்றியே பேச்சு. அப்போது நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் இருந்த ராமநாதன் அந்தப் பேச்சோடு நிற்கவில்லை. மேலே போய் உடைவதற்கு முன்னால், இத்தனை வருடம் காற்றிலேயே மிதக்கும் இந்த மூலக்கூறு வெப்பத்தை என்ன செய்யும்? அவர் கேட்டுக்கொண்ட கேள்வி அவ்வளவுதான். தொழிற்சாலையில் அந்த கேஸோடு மல்லுக்கட்டியவர் மனதில் எழ வேண்டிய கேள்வி என்றே எனக்குத் தோன்றுகிறது.

பேராசிரியர் எனக்கு அதை என் தொழிலை வைத்தே விளக்கினார். ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கக் கண்டென்ஸர் வழியாக வெளியே விடுகிறது. கண்டென்ஸரைச் சுவரோடு ஒட்டிவைத்துக் காற்று போக வழியில்லாமல் செய்தால் என்ன ஆகும்? சூடு வெளியேற முடியாமல் மொத்த அமைப்பும் கூடுதல் சூட்டில் ஓடும். பூமியும் வெயிலில் வாங்கும் சூட்டை அகச்சிவப்புக் கதிராக விண்வெளிக்கு விட்டாக வேண்டும். நீராவியும் கரியமில வாயுவும் அந்தக் கதிரின் சில அலைநீளங்களை மறிக்கின்றன. ஆனால் 8 மைக்ரானுக்கும் 12 மைக்ரானுக்கும் இடைப்பட்ட பகுதியில் அவை இரண்டும் அவ்வளவாகக் குறுக்கே வருவதில்லை. அதுதான் பூமி மூச்சுவிடும் ஜன்னல். சி.எஃப்.சி. மூலக்கூறில் கார்பனோடு குளோரினும் ஃப்ளூரினும் சேர்ந்திருக்கும் பிணைப்புகள் சரியாக அந்த ஜன்னலில்தான் கதிரை உறிஞ்சுகின்றன. ஏற்கெனவே சுவர் இருக்கும் இடத்தில் இன்னும் ஒரு செங்கல் வைத்தால் பெரிய மாற்றம் இல்லை. திறந்த ஜன்னலில் வைத்தால் காற்று உடனே குறையும்.

கணக்கின் விடை 1975 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. ஒரு சி.எஃப்.சி. மூலக்கூறு, கரியமில வாயுவின் 10,000 மூலக்கூறுகளுக்கு மேல் சேர்ந்து செய்யும் வேலையைச் செய்கிறது. நூறு கோடிக்கு இரண்டு மூலக்கூறு என்ற அளவுக்கு இவை பெருகினாலே பூமியின் வெப்பநிலை கண்டுகொள்ளும்படி உயரும். கட்டுரை எழுதியவருக்கு அப்போது வயது முப்பது. அதுவரை பூமி சூடாவதற்குக் கரியமில வாயு ஒன்றுதான் காரணம் என்று பேசிக்கொண்டிருந்த துறையில், தொழிற்சாலையில் செய்த இன்னொரு வாயுவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

நானும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். இப்போது பயன்படுத்தும் அளவுகோலின்படி, நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-12, 10,900 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். வீட்டுச் சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்றில் நூறு கிராம் அளவுக்கு கேஸ் இருக்கும். அரை நிமிடச் சீறலில் நான் வெளியே விட்டது ஒரு டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயு. அவ்வளவு கரியமில வாயு வர 470 லிட்டர் பெட்ரோல் எரிக்க வேண்டும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றால் 23,000 கிலோமீட்டர் தாண்டலாம். ஒரு ஃப்ரிட்ஜுக்கு இவ்வளவு. ஆர்-12 காற்றில் நூறு ஆண்டு அளவுக்குத் தங்கும். 1990-ல் நான் விட்ட கேஸில் பத்தில் ஏழு பங்கு இன்றைக்கும் மேலே இருக்கிறது. இதை எழுதும்போது கை கனக்கிறது.

இவ்வளவு பெரிய முடிவுக்கு வர ராமநாதன் பயன்படுத்திய கருவி என்ன என்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ‘கம்ப்யூட்டரில் போட்ட கணக்குதானே’ என்று பலரும் தள்ளிவிடுகிறார்கள். காலநிலை மாதிரி என்பது ஜோசியம் அல்ல. வரவும் செலவும் பார்க்கும் கணக்குப்புத்தகம். ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சுகுரோ மனாபே, 1967-ல் ரிச்சர்ட் வெதரால்டு என்பவரோடு சேர்ந்து தரையிலிருந்து உயரம்வரை ஒரே ஒரு காற்றுத் தூணை எடுத்துக்கொண்டார். அதை அடுக்கு மாடிபோலப் பிரித்து, ஒவ்வொரு மாடியிலும் சூரிய ஒளி எவ்வளவு வருகிறது, மேலேயும் கீழேயும் வெப்பம் எவ்வளவு போகிறது என்று கணக்குப் பார்த்தார். எல்லா மாடியிலும் வரவும் செலவும் நேராகும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும். கரியமில வாயு இரு மடங்கானால் தரைமட்ட வெப்பநிலை ஏறத்தாழ 2.3 டிகிரி உயரும் என்று அந்த எளிய தூண் சொன்னது. மனாபேக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. ராமநாதன் சி.எஃப்.சி.க்குக் கணக்குப் பார்த்ததும் இந்த வழியில்தான்.

பிறகு தூண் உருண்டையாயிற்று. பூமி முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்றின் வேகம், ஈரம், வெப்பம் என்று கணக்கிட்டு, அடுத்த கட்டத்துக்குக் கடத்தினார்கள். கடலைச் சேர்த்தார்கள், பனியைச் சேர்த்தார்கள். காடும் மண்ணும் கார்பனும் சேர்ந்தபோது அதற்குப் புவி அமைப்பு மாதிரி என்று பெயர் வந்தது. அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தில் இருந்த ஆண்டுகளில் ராமநாதன் இத்தகைய உலக மாதிரியில் கதிர்வீச்சுக் கணக்கைத் திருத்தமாக அமைக்கும் வேலையில் இறங்கினார். வெளியே யாருக்கும் பெயர் தெரியாத வேலை. ஆனால் கதிர்க் கணக்கு பிசகினால் மாதிரியில் மற்றதெல்லாம் பிசகும், சார்ஜ் அளவு தப்பினால் எவ்வளவு நல்ல கம்ப்ரஸரும் குளிர் கொடுக்காததைப் போல.

கணக்கைச் சோதிக்க வேண்டும் அல்லவா? 1980-ல் ரோலண்ட் மேடன் என்ற ஆய்வாளரும் அவரும் துணிந்து ஒரு தேதி சொன்னார்கள். ஆண்டுக்கு ஆண்டு வெப்பநிலை தானாகவே ஏறும், இறங்கும். அந்தத் தடுமாற்றத்தையெல்லாம் தாண்டி மனிதனால் வந்த சூடு 2000-ஆம் ஆண்டுக்குள் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்றார்கள். 2001-ல் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு, முந்தைய ஐம்பது ஆண்டு வெப்ப உயர்வில் பெரும்பகுதி, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் பசுங்குடில் வாயுக்களால் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று அறிக்கை கொடுத்தது. இருபது வருடம் முன்னால் தேதி குறித்து, அது பலித்ததைக் கண் முன்னே பார்த்தார்.

1985-ல் அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் அடுக்கு மெலிந்து கிடப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 1987 செப்டம்பர் 16-ல் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. ஓசோனுக்காகப் போட்ட சட்டம்தான் அது. ஆனாலும் சி.எஃப்.சி.யைக் கட்டுப்படுத்தியதால் பூமி சூடாவதும் ஓரளவு தணிந்தது. பின்னாளில் கணக்கிட்டபோது, பசுங்குடில் வாயுக்களைக் குறைக்க வந்த கியோட்டோ உடன்படிக்கை முதல் கட்டத்தில் குறைக்கச் சொன்ன அளவைவிட மான்ட்ரியல் தடுத்தது பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது. நூறு கோடிக்கு இரண்டு என்று ராமநாதன் அஞ்சினார் அல்லவா? ஆர்-12 இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 0.54 அளவில் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கிவிட்டது.

என் பட்டறைக்குள் அந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1992-ல் இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்தது. நம்மைப் போன்ற நாடுகளுக்கு 2010 வரை அவகாசம். மாறுவதற்கு ஆகும் செலவுக்குப் பணக்கார நாடுகள் பன்னாட்டு நிதி ஒன்றில் பணம் போட்டன. அந்த நிதியில்தான் ஊர் ஊராக மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி நடந்தது. நானும் இரண்டு நாள் போனேன். கேஸ் அடித்துக் கழுவாதே, நைட்ரஜன் போடு. அளவு பார்க்காமல் ஏற்றாதே, தராசில் வை. பழைய கேஸை வெளியே விடாதே, ரெக்கவரி சிலிண்டரில் பிடி. சொன்னதெல்லாம் நேர்த்தியான வேலைதான், ஆனால் அந்த நாளில் அத்தனைக்கும் கருவி வாங்க என் கையில் காசு இல்லை.

வெள்ளைச் சிலிண்டருக்குப் பதில் நீலச் சிலிண்டர் வந்தது, ஆர்-134ஏ. அதற்குக் கம்ப்ரஸர் எண்ணெய் வேறு. பழைய எண்ணெயின் மிச்சம் உள்ளே இருந்தால் கேப்பிலரி குழாய் அடைத்துக்கொள்ளும். முதல் இரண்டு வருடம் நான் செய்த பல வேலைகள் திரும்பி வந்தன. இனாமாகத் திரும்பச் செய்துகொடுத்தேன். கொள்கை, சட்டம் என்று மேலே முடிவெடுப்பவர்கள் இந்தக் கடைசி முழத்தை மறந்துவிடக் கூடாது. கையில் ஸ்பேனர் பிடித்தவனுக்குக் கற்றுக்கொடுத்து, கருவி கொடுத்தால்தான் சட்டம் சட்டமாகும்.

இந்த இடத்தில் ராமநாதன் நின்றிருந்தாலும் அவர் பெயர் நிலைத்திருக்கும். அவர் நிற்கவில்லை. 1984-ல் விண்ணில் ஏவிய செயற்கைக்கோள்களின் அளவுகளை வைத்து, மேகங்கள் மொத்தத்தில் பூமியைக் குளிர்விக்கின்றன என்றும், அந்தக் குளிர்ச்சி கரியமில வாயு இரட்டிப்பானால் வரும் சூட்டைப்போல் நான்கு மடங்கு என்றும் 1989-ல் அவருடைய குழு காட்டியது. மேகம் கொஞ்சம் மாறினால் எல்லாக் கணக்கும் மாறும் என்பதால் இது பெரிய செய்தி. ஆனால் என் மனதை அதிகம் பிடித்தது அதற்கு அடுத்த வேலை. ஏனென்றால் அது எங்கள் வயலுக்கு வருகிறது.

1990-லிருந்து அவர் கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் இருந்தார். 1999-ல் பால் குருட்ஸன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து இந்தியப் பெருங்கடலில் ஒரு பெரும் ஆய்வை நடத்தினார். விமானங்கள், கப்பல்கள், மாலத்தீவின் காஷிதூ என்ற சின்னத் தீவில் ஒரு கண்காணிப்பு நிலையம், பல நாட்டு விஞ்ஞானிகள் இருநூறு பேருக்கு மேல். தூய்மையாக இருக்கும் என்று நினைத்த நடுக்கடலுக்கு மேலே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் கனத்தில் பழுப்பு மூட்டம் மிதந்தது. விறகடுப்பு, டீசல், நிலக்கரி, வயல் எரிப்பு எல்லாவற்றின் புகையும் குளிர்காலக் காற்றில் தெற்கே இறங்கிக் கடலுக்கு வந்திருந்தது. அதிலிருந்த கரித்துகள் வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்கியது. அந்த அளவுக்குக் கடலின் மேற்பரப்பை எட்டும் வெயில் குறைந்தது.

இங்கேதான் உலக மாதிரி கைகொடுத்தது. கடலும் காற்றும் இணைந்த மாதிரி ஒன்றில் 1930 முதல் 2000 வரை இந்த மூட்டத்தைச் சேர்த்து ஓட்டிப்பார்த்தார்கள். 2005-ல் முடிவு வந்தது. வெயில் குறைந்தால் கடல்நீர் ஆவியாவது குறைகிறது. வட இந்தியப் பெருங்கடல் சூடாவது தணிவதால், அதற்கும் தென்கடலுக்கும் இடையே இருக்க வேண்டிய வெப்ப வேறுபாடு சுருங்குகிறது. வேறுபாடு இல்லையென்றால் ஓட்டம் இல்லை. குளிர்பதனம் படித்தவனுக்கு இது முதல் பாடம். பருவமழை நலிகிறது, வறட்சி ஆண்டுகள் பெருகலாம் என்றது மாதிரி. அடுத்த ஆண்டு அவர் பொருளாதார அறிஞர்களோடு சேர்ந்து இந்திய நெல் விளைச்சலைக் கணக்குப் பார்த்தார். பழுப்பு மூட்டம் இல்லாமலிருந்தால் விளைச்சல் கூடியிருக்கும் என்று தெரிந்தது. கொள்ளிடத்துக்குத் தெற்கே என் அண்ணனுக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. அவன் வானத்தைப் பார்த்துக் கவலைப்படும்போதெல்லாம் இந்த ஆய்வு எனக்கு நினைவு வரும்.

2002-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு இதை ‘ஆசியப் பழுப்பு மேகம்’ என்ற பெயரில் அறிக்கையாக வெளியிட்டதும் இந்தியாவில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. நூற்றைம்பது வருடம் புகைவிட்ட நாடுகளை விட்டுவிட்டு, சோறு பொங்கும் ஏழையின் அடுப்பைக் குற்றம் சொல்வதா என்று கேட்டார்கள். கேள்வி நியாயம். ஆனால் மூட்டமும் உண்மை. பிறகு ‘ஆசிய’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘வளிமண்டலப் பழுப்பு மேகம்’ என்று பெயர் மாற்றினார்கள், இத்தகைய மூட்டம் மற்றக் கண்டங்களிலும் உண்டு என்பதால். எண் எவ்வளவு சரியாக இருந்தாலும் அதற்கு வைக்கும் பெயர் ஒரு நாட்டின் மனதைப் புண்படுத்தலாம் என்று அதிலிருந்து ராமநாதன் கற்றிருப்பார் என்று நினைக்கிறேன். அதன் பிறகு அவர் பேச்சில் ஏழைகள்தான் முதலில் வருகிறார்கள்.

அவருடைய பாட்டி விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்து சமைத்துக்கொண்டே இருமியதை அவர் பல இடங்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். எங்கள் அம்மாவும் அப்படித்தான். ஊதுகுழலும் கையுமாக, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். ராமநாதன் ‘சூர்யா திட்டம்’ என்று ஒன்றைத் தொடங்கி, உத்தரப் பிரதேசத்தில் ஒரு கிராமத்து வீடுகளுக்குப் புகை குறைந்த அடுப்புகளைக் கொடுத்து, வீட்டுக்குள்ளும் வெளியேயும் கரித்துகளை அளந்தார். கரித்துகள் காற்றில் சில நாள், மிஞ்சினால் ஓரிரு வாரம்தான் தங்கும். இன்று நிறுத்தினால் இந்த மாதமே பலன் தெரியும். கரியமில வாயுவின் கணிசமான பகுதி நூறாண்டு தாண்டியும் இருக்கும். அதனால் கரித்துகள், மீத்தேன், ஆர்-134ஏ வகைக் குளிர்பதன வாயுக்கள் போன்ற குறுகிய ஆயுள் மாசுகளை உடனே குறைத்து அவகாசம் வாங்க வேண்டும், கூடவே கரியமில வாயுவையும் நிறுத்த வேண்டும் என்பது அவர் நாடுகளிடம் வைத்த வாதம். 2012-ல் ஆறு நாடுகளும் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பும் இதற்காகவே ஒரு கூட்டணி அமைத்தன.

ஒரு சிக்கலையும் அவர் மறைக்கவில்லை. புகையில் வெயிலைத் திருப்பி அனுப்பும் சல்ஃபேட் துகள்களும் உண்டு. அவை இதுவரை வந்த சூட்டில் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டிருக்கின்றன. காற்றைச் சுத்தம் செய்யும்போது அந்த மறைவு விலகும். ஏற்கெனவே விட்டுவிட்ட வாயுக்களே பூமியை 2.4 டிகிரி அளவுக்குச் சூடாக்கப் போதும் என்று 2008-ல் அவரும் யான் ஃபெங்கும் எழுதினார்கள். அதற்காகப் புகையை விட்டுவைக்க முடியுமா? அது மனிதரின் நுரையீரலைத் தின்கிறது. சுத்தம் செய்துகொண்டே, சூடாக்கும் வாயுக்களை அதைவிட வேகமாகக் குறைக்க வேண்டும். இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து யாரும் சொல்லவில்லை.

2004-லேயே வாட்டிகனின் அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியிருந்தது. இந்துக் குடும்பத்தில் பிறந்தவர், அங்கே பூமியின் சூட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். 2014-ல் அங்கே நடந்த கூட்டத்தின்போது போப் பிரான்சிஸைச் சந்திக்கும் வாய்ப்பு ஒரு கார் நிறுத்துமிடத்தில் கிடைத்தது. ஓரிரு வாக்கியத்தில் சொல்லும்படி கேட்டார்கள். நாற்பது ஆண்டு ஆய்வை அவர் அங்கே சுருக்கினார்: மாசின் பெரும்பகுதி உலகின் வசதியான நூறு கோடிப் பேரிடமிருந்து வருகிறது, துன்பத்தை மிக வறிய முந்நூறு கோடிப் பேர் சுமக்கப்போகிறார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் போப்பின் சுற்றுச்சூழல் மடல் ‘லவுதாத்தோ சி’ வெளிவந்தது. டிசம்பரில் பாரிஸ் காலநிலை மாநாட்டில் ராமநாதன் வாட்டிகன் தூதுக்குழுவோடு இருந்தார். சமன்பாடுகளில் தொடங்கியவர், கேட்கும் மனிதர் யார் என்று பார்த்துச் சொல்லப் பழகியிருந்தார்.

என் தொழிலுக்கு மறுபடியும் திரும்புகிறேன். ஓசோனைக் காப்பாற்ற வந்த நீலச் சிலிண்டர் இருக்கிறதே, ஆர்-134ஏ, அது ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் கரியமில வாயுவைப்போல் 1,430 மடங்கு சூடாக்கும். ஏ.சி.களில் போடும் ஆர்-410ஏ 2,088 மடங்கு. இந்த வகை ஹெச்.எஃப்.சி. வாயுக்களைக் குறைத்தால் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் அரை டிகிரி வரை சூட்டைத் தவிர்க்கலாம் என்று 2013-ல் ராமநாதனும் மூவரும் கணக்குக் கொடுத்தார்கள். 2016 அக்டோபர் 15-ல் ருவாண்டாவின் கிகாலியில் உலக நாடுகள் கூடி, அதே மான்ட்ரியல் உடன்படிக்கையில் திருத்தம் செய்து இவற்றையும் சேர்த்துக்கொண்டன. இந்தியா 2021-ல் ஏற்றது. 2028-ல் பயன்பாட்டை நிறுத்திப்பிடித்து, 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும்.

ஆக, இப்போது மூன்றாவது முறையாகத் தொழில் கற்கிறேன். புது ஃப்ரிட்ஜ்களில் ஆர்-600ஏ வருகிறது. சூடாக்கும் திறன் மிகக் குறைவு, ஆனால் எரியும். பக்கத்தில் சுடர் கூடாது. என் ஹேலைடு டார்ச் அலமாரியின் அடியில் கிடக்கிறது. என்னிடம் இருக்கும் இரண்டு பையன்களும் குழாயை வெட்டுவதற்கு முன் ரெக்கவரி மெஷினை மாட்டுகிறார்கள். முதலில் முணுமுணுத்தார்கள். “அண்ணே, பக்கத்துக் கடையில அஞ்சு நிமிஷத்துல விட்டுட்டு வேலைய ஆரம்பிச்சிடுறாங்க, நமக்கு மட்டும் ஏன் அரை மணி நேரம்?” என்றான் சின்னவன். அந்த 470 லிட்டர் பெட்ரோல் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். நம்பாமல் அவனே கால்குலேட்டரில் ஒருமுறை போட்டுப் பார்த்தான்.

போன மாதம் ஒரு பழைய ஆர்-22 ஏ.சி.யிலிருந்து 700 கிராம் பிடித்தோம். அந்த கேஸின் மடங்கான 1,810-ஆல் பெருக்கி, 1,267 கிலோ கரியமில வாயு என்று சின்னவன் சுவரில் தொங்கும் நோட்டில் எழுதினான். பிடித்த கேஸ் நிரம்பிய மூன்று சிலிண்டர்கள் கடை மூலையில் நிற்கின்றன. அவற்றை வாங்கிச் சுத்திகரிக்கவோ முறைப்படி அழிக்கவோ எங்கள் ஊர்ப்பக்கம் ஓர் இடம் வேண்டும் என்று மாவட்ட அலுவலகத்தில் இரண்டு முறை மனு கொடுத்திருக்கிறேன். நாலாவது சிலிண்டருக்கு ஆர்டர் போட்டாயிற்று.